வடிகாலில் ஒரு வளைவு

எங்கள் அலுவலகத்தில் அவரை எதிரில் வைத்துக்கொண்டு 'மண்ணு சார்' என்போம். அவர் இல்லாதபோது 'சார்' இருக்காது. இதில் அவமரியாதை ஒன்றும் கிடையாது. தொல்லியல் துறையில் ஆளுக்கொரு பொருள் உண்டு. ஒருவருக்குப் பானை ஓடு, ஒருவருக்கு எலும்பு, ஒருவருக்குக் கல்வெட்டும் அதைப் படித்துப் படித்து வாங்கிய சோடாபுட்டிக் கண்ணாடியும். இவருக்கு மண். அதுவும் ஒரே ஒரு இடத்து மண்.

அந்த இடம் மலைக்கு மேலே இருக்கிறது. தார்ச்சாலை முடிந்து, சாலை என்று ஜீப் ஓட்டுநர் மட்டும் நம்புகிற ஒன்றும் முடிந்து, அப்புறம் மூச்சு வாங்க ஏறினால் வரும் நீளமான பள்ளத்தாக்கு. நடுவில் ஓடை, இருபுறமும் புல்சரிவு, எந்நேரமும் காற்று. ஆள் கிடையாது. ஆள் இல்லாத இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் அவரை அங்கே வைத்திருந்தது. அப்படிப் பார்த்தால் ஒரு ஆள் இருந்தார். ஆனால் அவர் கணக்கில் சேர மாட்டார்.

நல்ல வெயிலில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. வெறும் புல். காலையில் சூரியன் முகட்டுக்கு மேல் தலையை நீட்டும்போது, வெளிச்சம் தரையோடு தரையாகப் படுத்து வரும்போது மட்டும், சரிவு முழுக்க வரிவரியாக நிழல் விழும். அத்தனையும் எப்போதோ யாரோ ஏர் ஓட்டிய வரிகள். அதற்கு மேலே கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள், இடிந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட ஆட்டுப் பட்டிகள், உழுவதற்கு இடைஞ்சலாக இருந்த கற்களைப் பொறுக்கிச் சேர்த்த குவியல்கள். சூரியன் கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், எல்லாம் புல்லுக்குள் போய்விடும். சாயங்காலம் மறுபடி கொஞ்ச நேரம் எழுந்திருக்கும். "காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், அதுக்கு முழுச் சம்பளம்" என்று கணக்குப் பிரிவில் பொறாமைப்படுவார்கள். நடுவில் கிடக்கும் நீண்ட பகலை அவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

அவர் சாப்பிட்ட ஒரு தட்டைக் கழுவுவார். சிறிது நேரம் கழித்து அதையே இன்னொரு முறை கழுவுவார். சரிவின் மேலே துறை கட்டிக் கொடுத்த தகரக் கூரைக் குடிசையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் அவர் படுப்பார், மற்றதில் மண் பைகள் படுத்திருக்கும். ஒவ்வொரு பையிலும் எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டுகளை உரக்கப் படிப்பார். சரிபார்ப்பதற்காக என்று சொல்லிக்கொள்வார். ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் அதை அறிக்கையில் எழுதியதில்லை.

பள்ளத்தாக்கில் மனிதர்கள் உழுதார்கள், மேய்த்தார்கள் என்பதில் எங்கள் துறையில் சண்டை இல்லை. தங்கினார்களா என்பதில்தான் சண்டை. இயக்குநர் இளமையில் எழுதிய ஒரே புத்தகத்தில், புல் தழைக்கும் மாதங்களில் ஆடுகளோடு ஏறினார்கள், அவசரமாக ஒரு போகம் எடுத்தார்கள், குளிர் வருவதற்கு முன் இறங்கினார்கள் என்று முடிவு கட்டியிருந்தார். வந்து போனவர்கள். மண்ணு சாருக்கு இது ஆறாத புண். யாராவது, ஒரே ஒரு குடும்பமாவது, குளிரையும் சேர்த்து அங்கேயே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தடவை எழுந்து, "இத்தனை கல்லை அடுக்கினவன் குளிருக்குப் பயந்து விட்டுட்டுப் போவானா சார்?" என்று கேட்டார். இயக்குநர் யோசிக்கவே இல்லை. "போவான். நான் போவேன்" என்றார்.

இந்தச் சண்டைக்கு மண்தான் நடுவர். மனிதனோ மாடோ ஓரிடத்தில் தொடர்ந்து இருந்தால், சாணம், சிறுநீர், சாம்பல், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாமாகச் சேர்ந்து பாஸ்பேட் என்ற ஒரு உப்பை மண்ணில் விட்டுப் போகும். மண் அதைப் பிடித்துக்கொண்டால் விடாது. ராஜா கட்டிய கோட்டை கரைந்துவிடும். அவர் குதிரை நின்ற இடம் கரையாது. மண்ணு சார் கைத்துளைப்பானைத் தரையில் திருகி இறக்கி, வரும் மண்ணில் ஒரு சிட்டிகையை வடிதாளின் மேல் வைத்து, இரண்டு திரவங்களைச் சொட்டுவார். யாரும் இல்லாத மண் வெளிறிக் கிடக்கும். வாழ்ந்த மண் தாளில் நீலம் கக்கும். பட்டிகளில் நீலம் வந்தது, ஆனால் மெல்லிய நீலம். வந்து போன நீலம். ஒரு வீட்டின் நீலம், சாம்பலோடு கலந்த கெட்டி நீலம், எங்கேயும் வரவில்லை.

அவருக்கு ஒரு மனைவி இருந்தார். இப்போதும் இருக்கிறார், மனைவியாக இல்லை. எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் வரைபடப் பிரிவின் தலைவியாக இருக்கிறார். அவரை மேடம் என்போம், முன்னாலும் பின்னாலும்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேலையில் சேர்ந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, வழக்கம்போல அது கல்யாணத்தில் முடிந்தது. அப்போதுதான் பள்ளத்தாக்கை அளக்கும் வேலை தொடங்கியது. இவர் அளப்பார், அவர் வரைவார். குடிசையெல்லாம் அப்போது கிடையாது. ஓடைக்கரையில் கல்லடுக்கிக் காற்றை மறைத்து, மேலே கித்தான் விரித்து, சாமான் சுமக்க ஒரு கோவேறு கழுதையையும் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அளவைப் பருவம் முடிந்ததும் மற்ற எல்லாரும் இறங்க, குளிர் பூராவும் மேலேயே இருந்து பார்ப்போம் என்றார் மண்ணு சார். அங்கே குளிரில் மனிதர் தங்க முடியும் என்று நிரூபிக்க அதைவிட நேரான வழி அவருக்குத் தோன்றவில்லை. தன்னையும் ஒரு சான்றாகத்தான் கணவர் சேர்த்திருக்கிறார் என்பது மேடத்துக்குப் புரியக் கொஞ்சம் தாமதமாயிற்று.

மண்ணு சாரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. ஆய்வு செய்ய வந்த இடத்தில் நம் சுவடு எதுவும் தங்கக் கூடாது. வருங்காலத்தில் வரும் ஆய்வாளரைக் குழப்பக் கூடாது. உடைந்த ஊசி, பென்சில் சீவிய தூள், சீப்பில் சிக்கிய முடி, கிழிந்த காகிதம், எல்லாம் பையில் கட்டிக் கழுதைமேல் ஏற்றிக் கீழே போக வேண்டும். "நான் ஒருத்தி இங்க இருந்தேன்னு யாருக்கும் தெரியக் கூடாது, அதானே?" என்று மேடம் அப்போது கேட்டாராம். ஆமாம் என்றாராம் இவர். கேள்வி அறிவியலைப் பற்றியது என்று அவர் நினைத்தார்.

குளிர் முடியும்போது கித்தானைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். மேடத்தின் பெட்டி கழுதைமேல் வந்தது. அந்தப் பெட்டி அதற்குப் பிறகு மேலே போகவில்லை. மேடம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மச்சான் வீட்டு முன்னறையில் மண்ணு சார் மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். மச்சான் நல்ல மனிதர். தினமும் பேப்பரைக் கொடுத்துவிட்டு, "அவ வெளிய வரமாட்டேங்கறா மாப்ளே, நீங்க படிங்க" என்பார். அதே மழையில் மேலே ஓடை கரையை உடைத்துக்கொண்டது. மழை விட்டதும் அவர் தனியாக ஏறிப் போனபோது, எல்லா அளவுகளுக்கும் ஆதாரமாக வைத்திருந்த பெரிய பாறை உருண்டு வேறெங்கோ கிடந்தது. ஓடை புதிய வழியில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் கூழாங்கல்லும் வண்டலும்தான். "முகாமை ஓடை கொண்டுபோயிடுச்சு" என்று அறிக்கை எழுதினார். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அது துறையின் உண்மையாகிவிட்டது. பிறகு குடிசை சரிவில் உயரமாகக் கட்டப்பட்டது. ஓடைக்கரையில் அவர் துளைப்பானை இறக்கியதே இல்லை. வெள்ளம் புரட்டிய மண்ணில் ஒன்றும் இருக்காது என்பது அவர் சொன்ன காரணம்.

பிரிந்த பிறகும் இரண்டு பேரும் ஒரே துறையில்தான் இருந்தார்கள். மண்ணு சார் மேலேயிருந்து பென்சில் படங்களை அனுப்புவார். மேடம் அவற்றை மையில் எழுப்புவார். படத்தின் ஓரத்தில் பென்சிலால், 'வடக்கு எங்கே?' என்று மேடம் எழுதி அனுப்புவார். அடுத்த நடையில், 'விட்டுப்போய்விட்டது, சேர்த்திருக்கிறேன்' என்று பதில் வரும். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. கட்டிக்கொண்ட காலத்தில் 'நீ' என்று கூப்பிட்ட மனிதர், விலகிய பிறகு 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். படங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது ஜீப் ஓட்டுநர். எதைக் கேட்டாலும் ஊருக்கெல்லாம் ஒலிபரப்புவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். "வடக்கு எங்கேன்னு கேக்கறதுக்கு ஒரு டேங்க் பெட்ரோல்" என்று ரேடியோ சலித்துக்கொள்வார். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் தொடங்கிய இந்தக் கடிதப் போக்குவரத்து, மூன்று பேருக்கும் நரைத்த பிறகும் நடந்தது.

பிறகு இயக்குநர் மண்ணு சாரைக் கூப்பிட்டு, இதுதான் கடைசிப் பருவம் என்று சொல்லிவிட்டார். ஒரு நிரந்தரக் குடியிருப்பைக் காட்டினால் குடிசை இருக்கும். பணி ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகர் என்று அவரும் அதில் இருக்கலாம். காட்டாவிட்டால் பள்ளத்தாக்கு 'பருவ மேய்ச்சல் நிலம்' என்று எழுதப்பட்டு மூடப்படும். கீழே நகரத்தில் இருக்கும் அவருடைய அக்கா, தம்பி வரப்போகிறான் என்று மாடி அறையை வெள்ளையடித்து வைத்துவிட்டார். "ஜன்னலுக்கு எதிர்ல பக்கத்து வீட்டுச் சுவர்டா. ஒரு பொட்டுக் காத்து வராது. உனக்கு நல்லதுதான்" என்றார் தொலைபேசியில். அக்கா வசதியைச் சொன்னார். தம்பிக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டது.

அந்தப் பருவத்தில் அவர் சரிவு முழுவதும் துளைத்தார். எல்லாம் வெளிறிய தாள், அல்லது பட்டிகளின் மெல்லிய நீலம். துளைக்க இடம் இல்லாமல் போன பிறகு, வேறு வழியில்லாமல் ஓடைக்கரைக்கு இறங்கினார். வண்டலுக்குக் கீழே இருந்து வந்த முதல் சிட்டிகை தாளில் பட்டு, திரவம் சொட்டியதும், மை கொட்டியது போல நீலம் பரவியது. சாம்பல் கலந்த கெட்டி நீலம். அவர் அந்தத் தாளைக் கட்டிலில் மண் பைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தட்டைக் கழுவினார்.

ஒரு சின்ன அறை அளவுக்குக் குழி தோண்ட அனுமதி இருந்தது. போதாதபோது மூலையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டார். கையளவு ஆழத்துக்கு மிருதுவான வண்டல். அதற்குக் கீழே மிதித்து இறுகிய தரை. ஒரு அடுப்பு, புகை பிடித்த மூன்று கற்கள். காற்றுப்படாத பக்கத்தில் ஒற்றை மிருகம் கட்டியிருந்த இடம், அங்கே நீலம் இன்னும் கறுப்பு. சுற்றிலும் மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி வெட்டிய சின்ன வடிகால். அந்த வடிகால் மூன்று பக்கமும் நூல் பிடித்தது போல நேராக வந்து, நாலாவது பக்கத்தில் மட்டும் எதையோ சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக வளைந்து போயிற்று.

மலை ஓடை ஒரு வருஷத்தில் விட்டுப்போகும் வண்டல், காகிதக் கனம்தான் இருக்கும். கையளவு ஆழம் என்றால் பல நூறு வருஷம் என்று கணக்குப் போட்டார். ஒரே வெள்ளத்திலும் அவ்வளவு வண்டல் இறங்கலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி மாணவர்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறார். அந்தப் பகலில் மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய நீண்ட பகல்கள் மாறிவிட்டன. குழியின் விளிம்பில் உட்கார்ந்து அந்த வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் என்று அடுப்பின் அளவை வைத்து முடிவு செய்தார். ஒரு ஆண், ஒரு பெண். வீட்டுக்காரனை அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. "கெட்டிக்காரன்யா. காத்து எந்த மூலைக்கு வராதுன்னு எப்படிப் பாத்து வெச்சிருக்கான் பாரு" என்று சாமான் கொண்டுவந்த ரேடியோவிடம் சொன்னார். ஒரு பானை ஓடு இல்லை, ஒரு எலும்புத் துண்டு இல்லை. இவ்வளவு துப்புரவாக இருந்த மக்களை இதுவரை கண்டதில்லை என்று அறிக்கையில் வியந்து எழுதினார். வளைவுக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கம். இவ்வளவு நேராக வெட்டத் தெரிந்தவன் ஓரிடத்தில் வளைத்தான் என்றால், அங்கே நகர்த்த முடியாத ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். தானியக் குதிர். குதிர் என்றால் குளிர்காலச் சேமிப்பு. ஆகவே அவர்கள் தங்கினார்கள்.

கரித்துண்டுகளைக் காலம் கணிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே வரிசை நீளம், மாதக்கணக்கில் ஆகும். இயக்குநருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அறிக்கையைப் படித்த அன்றே கூட்டத்தைக் கூட்டி, தங்கியிருப்பார்கள் என்று தனக்கு எப்போதுமே ஒரு உள்ளுணர்வு இருந்தது என்றார். அவருடைய புத்தகத்தில் அந்த உள்ளுணர்வுக்கு இடம் கிடைக்காமல் போயிருக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப ஏற்பாடாயிற்று; அதற்கு நல்ல வரைபடம் ஒன்று தேவைப்பட்டது. பென்சில் படம் இரண்டாவது மாடிக்குப் போயிற்று.

இந்த முறை ஓரத்தில் 'வடக்கு எங்கே?' என்று எழுதி வரவில்லை. மண்ணு சார் அன்று கீழே, அலுவலகத்தில்தான் இருந்தார். மேடம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். வரைபடப் பிரிவில் சாய்ந்த பலகைகள், ஒவ்வொன்றுக்கும் கழுத்து வளைந்த விளக்கு, மைக்கூட்டின் வாசனை. வரைவாளர்களையெல்லாம் மேடம் டீ குடிக்க அனுப்பிவிட்டார். அலமாரிக்குப் பின்னால் நான் ஒரு பழைய வரைபடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடி முடித்துவிட்டேன் என்று சொல்லும் தைரியம் வரவில்லை.

"உட்காருங்க," என்றார் மேடம். பிறகு படத்தில் விரலை வைத்து, "இது இப்படியேதான் வளையுதா? கை தவறிப் போட்டதில்லையே?"

"இல்லீங்க. அளந்து போட்டது."

"உள்ள என்ன இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க?"

"குதிர். தானியக் குதிர். அதை வெச்சுத்தான் அவங்க குளிர்லயும் தங்கியிருக்கணும்னு..."

"தங்கினாங்க," என்றார் மேடம். "குளிர் பூரா தங்கினாங்க. ஆனா அது குதிர் இல்ல. என் பெட்டி."

மண்ணு சார் படத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அந்த ஒரு மூலையிலதான் வரையறதுக்கு வெளிச்சம் விழும். பெட்டியப் போட்டு அது மேல உக்காந்து வரைவேன். மேகம் கட்டிக்கிட்டு வந்தது, வடிகால் வெட்டணும், பெட்டிய நகத்துன்னீங்க. முடியாதுன்னேன். மூணு பக்கம் நேரா வெட்டினீங்க. என் பக்கம் வந்ததும் ஒரு வார்த்தை பேசாம, நான் உக்காந்திருக்க, என்னைச் சுத்தி வெட்டிட்டுப் போனீங்க. மறந்துடுச்சா?"

"முகாமை ஓடை கொண்டுபோயிடுச்சு," என்றார் மண்ணு சார். எத்தனையோ வருஷமாகச் சொன்ன வாக்கியம், தானாக வந்தது.

"நீங்கதான் சொன்னீங்க. நான் போய்ப் பாக்கல."

"ஒரு ஊசி கூட இல்லையே. ஒரு முடி கூட இல்ல."

"எப்படி இருக்கும்? பொறுக்க வெச்சது யாரு?"

விளக்கின் கழுத்தை மேடம் வேறுபக்கம் திருப்பினார். மண்ணு சார், "அப்போ அந்த மிருகம்..." என்றார்.

"நம்ம கழுதை. என்னைக் கடிக்க வரும். உங்களைக் கண்டா சாதுவா நிக்கும்."

"அந்த வளைவுல தண்ணி உள்ள வந்துடும்னு உன்கிட்டச் சொன்னேன்," என்றார் அவர். 'நீங்க' எங்கோ விழுந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"சொன்னீங்க. வராதுன்னு நான் சொன்னேன். அன்னிக்கு மேகம் கலைஞ்சுடுச்சு. அப்புறம் நாம இறங்கற வரைக்கும் மழையே வரல." மேடம் படத்தைச் சுருட்டி ரப்பர் போட்டார். "யார் சொன்னது சரின்னு தெரியாமலே போயிடுச்சு."

ஆய்வகத்தின் முடிவுக்காகக் காத்திருக்கலாம் என்று மண்ணு சாரிடம் சொல்லியிருக்க ஆள் இல்லை. இருந்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். நேராக இயக்குநர் அறைக்குப் போய், குடியிருப்பு உண்மை, காலம்தான் தப்பு என்று சொன்னார். தங்கியது இரண்டு பேர், ஒரு குளிர், துறையின் சம்பளத்தில். இயக்குநர் சிரிக்க நினைத்து, பத்திரிகைக்காரர்கள் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். தங்கியிருக்க மாட்டார்கள் என்று தான் புத்தகத்திலேயே எழுதிவிட்டதாகச் சொன்னார். குழியை மூடிவிட்டு, குடிசையைக் காலி செய்துகொண்டு இறங்கச் சொன்னார். விஷயம் வெளியே போக வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்ட நேரத்தில் ரேடியோ கதவுக்கு வெளியே கையெழுத்து வாங்க நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே மேலே நடந்த மீதி, ரேடியோ சொன்னது.

குடிசையைக் காலி செய்ய அதிக நேரம் பிடிக்கவில்லை. மண் பைகள் முதலில் இறங்கின, பிறகு இரண்டு கட்டில்கள், பிறகு அந்தத் தட்டு. சாயங்காலம் குழியை மூடப் போனார்கள். மூடுவதற்கு முன் பக்கங்களை ஒரு தடவை சீவிச் சுத்தம் செய்வது தொழில் வழக்கம். இனி யாருக்கும் வேண்டாத குழியிலும் அவர் அதைச் செய்தார். சூரியன் மறுமுகட்டுக்கு இறங்கி வெளிச்சம் படுத்துக்கொண்டிருந்தது. வடிகாலைச் சுற்றிக் கரண்டியால் சீவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மண்டியிட்டார். பிறகு எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் மண்டியிட்டார். இப்படியே போய்வந்து கொண்டிருந்தாராம். "ஏதாவது தங்கம் கிங்கம் கெடச்சுதான்னு பாத்தேன்" என்றார் ரேடியோ.

கிடைத்தது இதுதான். ஓடை கரையை உடைத்த அந்த மழையில் வெள்ளம் நாலு பக்கமும் வந்து முட்டியிருக்கிறது. வளைவில் வடிகாலின் விளிம்பு, மண்வெட்டி பட்ட தடத்தோடு, அப்படியே நின்றது. வண்டல் அதற்குள் அடங்கிச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. உடைந்தது எதிர்ப்பக்கம், நூல் பிடித்து வெட்டிய பக்கம். அங்கே விளிம்பு வாய் பிளந்து, வண்டல் விசிறி போல உள்ளே பரவியிருந்தது.

பள்ளத்தாக்கில் செல்போன் எடுப்பது முகட்டுக்குப் போகிற வழியில் ஒரு கல்மேல் ஏறி நின்றால் மட்டும்தான். ஏறினார். எண்ணை அவர் எங்கேயும் தேடவில்லை என்றார் ரேடியோ. அங்கே காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லாததால், மறுமுனைக் குரலும் கீழே நின்றவர் காதில் விழுந்தது; விழாவிட்டாலும் விழவைத்துக்கொண்டிருப்பார்.

"நான்தான்."

"தெரியுது. காத்து கேக்குது."

"வளைவுல தண்ணி உள்ள வரல. இப்பத்தான் பாத்தேன். கரை அப்படியே நிக்குது. நேரா வெட்டின பக்கம் உடைஞ்சுதான் உள்ள வந்திருக்கு."

மறுமுனையில் விளக்கை அணைக்கும் சத்தமோ, நாற்காலியோ, ஏதோ ஒன்று.

"எதிர்ப்பக்கமா?"

"ஆமா. நான் ஒழுங்கா வெட்டினேன்னு நினைச்ச பக்கம்."

"அதைப் படத்துல போடணுமா?"

"வேணாம். அம்பது வருஷம் ஆகாத எதையும் நம்ம துறைப் படத்துல போடறதில்லையே. சும்மா சொல்லணும்னு தோணிச்சு."

"சரி." பிறகு மேடம், "குழிய மூடியாச்சா?" என்றார்.

"இனிமேத்தான்."

"காசு போட மறந்துடாதீங்க. அடுத்து வர்றவங்களாவது ஏமாறாம இருக்கட்டும்."

தோண்டிய குழியின் அடியில் அந்த வருஷத்து நாணயம் ஒன்றைப் போட்டு மூடுவது எங்கள் துறையின் வழக்கம். பின்னால் யாராவது மறுபடி தோண்டினால், இது ஏற்கெனவே தோண்டிப் பார்த்த இடம் என்று தெரிய வேண்டும். மண்ணு சார் பையைத் துழாவினார், நாணயம் இல்லை. ரேடியோ தன் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்ட, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கி வருஷத்தைப் பார்த்தார். சரியானதைத் தேர்ந்து, குழியில் இறங்கி, வளைவின் உள்பக்கம், பெட்டி இருந்த இடத்தில் வைத்தார். மண்ணைத் தள்ளினார்கள். மிதித்தார்கள். வெட்டி எடுத்து வைத்திருந்த புல்கட்டிகளை மேலே பொருத்தினார்கள். வெளிச்சம் இருந்தவரை அந்த இடம் கொஞ்சம் மேடாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ரேடியோவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏன் சார், இத்தனை வருஷமா வெயிலு மழை குளிருன்னு இங்கயே இருந்தது நீங்கதானே? தங்கினவங்க யாருமில்லன்னு எழுதறாங்க, உங்களை யாரும் கணக்குல சேக்க மாட்டாங்களா?"

"நானும் வந்து போனவன்தான்யா," என்றார் மண்ணு சார்.

ரேடியோ ஒரு பீடியைப் பற்றவைத்து, தீக்குச்சியைப் புல்லில் சுண்டினார். மண்ணு சார் குனிந்து, தடவித் தேடி, அந்தக் குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜீப் நிற்கும் பக்கம் இறங்க ஆரம்பித்தார்.